பட்டா இல்லாதவர் பாதிக்கப்படாதவரா?

கொங்கு மண்ணில் கச்சா எண்ணெய் ஊறுவதில்லை. கொச்சி சுத்திகரிப்பு ஆலையில் அது பெட்ரோலாகவும் டீசலாகவும் ஆன பிறகு, குழாய் வழியாக இருகூருக்கும் கரூருக்கும் வருகிறது. இப்போது இருகூரிலிருந்து பெங்களூரு அருகேயுள்ள தேவனகொந்திக்கு பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் இன்னொரு குழாய். இதை எதிர்த்து கோவை, திருப்பூர் மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். விளைநிலத்தில் பதிக்காதே, சாலையோரமாகக் கொண்டுபோ என்பது அவர்கள் கோரிக்கை.

அந்தப் போராட்டத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஆனால் மேடையில் 'விவசாயி' என்று சொல்லப்படும்போது அதில் யாரெல்லாம் அடக்கம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள் தோழர்களே. இந்தச் சட்டம் நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உரிமையாளர் உழலாம், விதைக்கலாம். வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். வெட்டப்படும் மரத்துக்கும் பயிருக்கும் தனியாக உண்டு. அநியாயமான தொகை என்று விவசாயிகள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதே சட்டத்தின் 10-வது பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இழப்பீடு உரிமையாளருக்கு மட்டுமல்ல. அந்த நிலத்தை அனுபவிக்கும் உரிமை எந்த வகையிலாவது பாதிக்கப்பட்ட வேறு எவருக்கும் உண்டு. இப்படிப் பெற்ற ஒரு அருந்ததியர் குத்தகைதாரரையாவது எங்களுக்குக் காட்டுங்கள். நாங்கள் போன ஊர்களில் ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை.

காரணம் எளிது. நம் ஆட்கள் பிடிக்கும் குத்தகை வாய்மொழிக் குத்தகை. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஏற்றிக்கொடு என்று தோட்டக்காரரிடம் கேட்டால் அடுத்த வருடம் குத்தகையே கிடையாது. சரி, குத்தகையாவது ஒரு கணக்கு. தென்னை வெட்டப்பட்டால் மரத்துக்கு விலை போடுகிறார்கள். அந்தத் தோப்பில் காய் பறித்தவர், உரித்தவர், ஓலை முடைந்த பெண்கள் ஆகியோரின் கூலி எந்தக் கணக்கில் வரும்? வரப்பில் இரண்டு ஆடு மேய்த்துப் பிழைக்கும் பாட்டியை எந்த அதிகாரி எழுதிக்கொண்டார்?

கெயில் குழாய் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள். 2013-இல் ஜெயலலிதா அரசு பணிகளை நிறுத்தச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அத்தனை ஆண்டுப் பேச்சிலும் அறிக்கையிலும் 'கூலித் தொழிலாளி' என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது அபூர்வம்.

அடுத்து, சாலையோரம். ஏதோ ஆளில்லாத இடம் போலப் பேசுகிறார்கள். கொங்கு கிராமங்களில் நம் காலனிகள் எங்கே இருக்கின்றன? ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில், பல இடங்களில் சாலையை ஒட்டிய புறம்போக்கில். ஊருக்குள் இடம் தராததால் அங்கே போனவர்கள். பட்டாவுக்கு மனுப் போட்டுப் பேரன் காலம் வந்துவிட்டது. தோட்டத்தில் குழாய் வந்தால் நோட்டீஸ் வரும், ஆட்சேபிக்க 21 நாள் கிடைக்கும். புறம்போக்கு வீட்டுக்குக் குழாய் வந்தால் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்தான் வரும்.

பிரேசிலில் குபாதாவோ நகரின் விலா சோகோ குடிசைப்பகுதி நினைவுக்கு வருகிறது. பெட்ரோபிராஸ் நிறுவனக் குழாய்களின் மேலேயே ஏழைகள் குடிசை போட்டிருந்தார்கள். 1984 பிப்ரவரியில் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து தீப்பிடித்தது. அரசு சொன்ன கணக்கு 93 பேர். கருகிப்போன குடும்பங்களைத் தேடி வர ஆளில்லாததால் உண்மையான எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பதிவேட்டில் இல்லாதவர்கள் செத்தபோதும் இல்லை.

சாலையோரம் கொண்டுபோகட்டும். அதற்கு முன் அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பையும் பட்டா இருக்கிறதா என்று பாராமல் கணக்கெடுக்க வேண்டும். வீடுகளுக்குப் பாதுகாப்பான தூரத்தில் குழாய் விலகிப் போக வேண்டும். விளைநிலத்திலேயே பதித்தால் 10-வது பிரிவின்படி குத்தகைதாரருக்கும் பங்கு தர வேண்டும். வேலை இழக்கும் கூலிக்காரர்களையும் அதில் சேர்க்க வேண்டும். விவசாய சங்கத் தோழர்களே, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதை எழுதுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்கள் தோட்டத்தில்தானே எங்கள் அம்மாக்கள் களை எடுக்கிறார்கள்?

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விவசாயிகளுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் மாதாந்திரக் குறைதீர் கூட்டம் உண்டு. விவசாயக் கூலிகளுக்கென்று அப்படி ஒன்று இல்லை. ஆகவே திங்கட்கிழமை மனுநாள்தான் நமக்கு வழி. குழாய் போகும் ஊர்களில் காலனி காலனியாகப் போய், எந்தத் தோட்டத்தில் யார் எத்தனை வருடமாக வேலை செய்கிறார்கள், யார் குத்தகைக்கு ஓட்டுகிறார்கள், யார் வீடு எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்று எழுதி வாருங்கள். சூலூர் பக்கத்திலிருந்து நாங்கள் தொடங்கியிருக்கிறோம்.