இதய நோயாளியும் மிதிவண்டியும்: ஒரு திராட்சைப் பள்ளத்தாக்கு தரும் பாடம்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரை மறுபரிசோதனைக்கு அழைத்து வரும் குடும்பத்தினர், பெருமையுடன் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, டாக்டர், தண்ணீர் எடுக்கக்கூட நாங்கள்தான் எழுந்து போகிறோம்." அன்பினால் சொல்லப்படும் சொற்கள் இவை. எனினும் அந்த அன்பு நோயாளிக்கு நன்மை செய்வதில்லை என்பதே என் கருத்து. ஸ்டென்ட் பொருத்திய இரத்தக்குழாய் திறந்திருக்கிறது. ஆனால் உட்கார்ந்தே இருப்பவரின் தசைகள் மெலிகின்றன, எடையும் சர்க்கரையும் ஏறுகின்றன, மனம் சோர்கிறது. உயிரைக் காத்த சிகிச்சையின் பயனில் ஒரு பகுதியை நாற்காலி திரும்ப எடுத்துக்கொள்கிறது.

தடை விதிப்பதற்குப் பதிலாகக் குடும்பம் என்ன செய்யலாம்? இக்கேள்விக்கு விடை சொல்ல ஜெர்மனியின் மொசெல் ஆற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். திராட்சைத் தோட்டங்களும் ஆற்றோரச் சிற்றூர்களும் நிறைந்த அப்பகுதியில் எழுபது வயதைக் கடந்தவர்கள் சாதாரணமாக மிதிவண்டி ஓட்டிச் செல்வதைக் காணலாம். அவர்கள் நம்மைவிடத் துணிச்சல் மிக்கவர்கள் அல்லர். அவர்களுக்கு ஏற்பாடுகள் நன்றாக அமைந்திருக்கின்றன.

படுக்கையிலிருந்து சாலைக்கு

மாரடைப்பு வந்தவர் நான்கு முதல் ஆறு வாரங்கள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பதே ஒரு காலத்தில் மருத்துவர்களின் கட்டளையாக இருந்தது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் ஆகிய இருவரும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் அமர்த்திப் பார்த்து, அதனால் தீங்கு இல்லை, நன்மையே உண்டு என்று எழுதினர். அன்று அது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. 1965-இல் ஜெர்மனியின் ஷோர்ன்டோர்ஃப் நகரில் இதய நோயாளிகள் ஒன்றுகூடிக் கண்காணிப்புடன் உடற்பயிற்சி செய்யும் குழு தொடங்கப்பட்டது. அம்முறை நாடு முழுதும் பரவி, இன்று அங்கு ஆயிரக்கணக்கான இதயக் குழுக்கள் இயங்குகின்றன. முறையான உடற்பயிற்சியுடன் கூடிய மறுவாழ்வுச் சிகிச்சை, இதய நோயால் நேரும் இறப்பையும் மீண்டும் மருத்துவமனையில் சேரும் நிலையையும் குறைக்கிறது என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட உண்மை. மருத்துவம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. நம் வீடுகளோ இன்னும் 1950-ஆம் ஆண்டிலேயே நிற்கின்றன.

ஆறு வகுத்த பாதை

மொசெல் ஆறு பிரான்சின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றில் கலக்கிறது. ரோமானியர் எழுப்பிய கருநிறக் கோட்டைவாயில் இன்றும் நிற்கும் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை நேர்க்கோட்டில் 100 கி.மீ.க்கும் குறைவு, ஆறோ வளைந்து வளைந்து ஏறத்தாழ 190 கி.மீ. ஓடுகிறது. அதன் கரையை ஒட்டியே மிதிவண்டிப் பாதையும் செல்கிறது. ஆறு சரிந்து ஓடும் அளவுக்கு மேல் அப்பாதையில் ஏற்ற இறக்கம் கிடையாது. சில கிலோமீட்டருக்கு ஒரு சிற்றூர், அங்கே ஒரு தேவாலயம், ஓர் அடுமனை, அமர்ந்து இளைப்பாற ஒரு பலகை என்று வழி நீள்கிறது.

இருபுறமும் எழும் சரிவுகளில் ஸ்லேட் எனப்படும் பலகைக்கல் பாறையின் மேல் ரீஸ்லிங் வகைத் திராட்சை வளர்கிறது. பகலில் கதிரவனிடம் பெற்ற வெப்பத்தை அக்கல் இரவிலும் தக்கவைத்துக்கொள்வதால்தான் அக்குளிர்நாட்டில் திராட்சை பழுக்கிறது. பிரெம் என்னும் ஊருக்கருகே உள்ள கால்மான்ட் சரிவு 60 பாகையைத் தாண்டும் செங்குத்தானது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுள் ஒன்று. உழவர்கள் அங்கு கையாலேயே அறுவடை செய்கிறார்கள். இவ்வளவு செங்குத்தான நிலத்தின் அடிவாரத்திலேயே இவ்வளவு சமமான சாலையும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மலையைப் பார்த்து அஞ்சியவர்களுக்கு ஆறு தன் கரையிலேயே ஒரு வழியை வைத்திருக்கிறது.

ஏற்றத்தை விரும்புவோர் ஆற்றிலிருந்து விலகித் தோட்டங்களின் ஊடே 200 முதல் 300 மீட்டர் உயரம் ஏறி மேட்டுநிலத்தை அடையலாம். ஏற இயலாதவர்களுக்கும் அந்தப் பயணம் மறுக்கப்படுவதில்லை. ஐஃபல் மேட்டுநிலத்தில் உள்ள டாவுன் நகரிலிருந்து ஆற்றங்கரையில் உள்ள பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை, கைவிடப்பட்ட பழைய இரயில் தடம் ஒன்றை 58 கி.மீ. நீள மிதிவண்டிப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். நீராவி இரயில் ஏறுவதற்காகப் போடப்பட்ட தடம் என்பதால் அதன் சரிவு மென்மையானது. கோடைகாலத்தில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லும் பேருந்தில் மேலே போய், சரிவிலேயே இறங்கி வரலாம். இடையில் களைத்துப்போனவர் பேருந்திலோ இரயிலிலோ ஏறித் திரும்பிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அப்பாதையில் மூன்று நாட்கள் ஓட்டியபோது என்னைக் கவர்ந்தது இயற்கை அழகைவிட இந்த ஏற்பாடுதான். திரும்பி வர வழி உண்டு என்று அறிந்த மனிதர் புறப்படத் தயங்குவதில்லை.

நாடியை எடைபோட்ட கர்தினால்

பெர்ன்காஸ்டல்-கூஸ் நகரில் இதய மருத்துவர் எவரும் நின்று வணங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவ்வூரில் பிறந்த கர்தினால் நிக்கோலஸ், 15-ஆம் நூற்றாண்டில் முதியோருக்காக ஓர் இல்லத்தை நிறுவினார். இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை நினைந்து 33 பேருக்கு அங்கு இடமளித்தார். திராட்சைத் தோட்டங்களின் வருவாயால் தாங்கப்பட்ட அந்த அறநிலையம் இன்றும் முதியோர் இல்லமாகவே இயங்குகிறது. 1464-இல் அவர் இறந்தபின் உடல் ரோமில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் இவ்வில்லத்தின் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது.

அவர் 1450-இல் எழுதிய நூலொன்றில் ஒரு யோசனையைச் சொல்கிறார். நலமான இளைஞர் ஒருவரின் நாடி 100 முறை துடிப்பதற்குள் நீர்க்கடிகாரத்திலிருந்து ஒழுகும் நீரை எடைபோட வேண்டும். நோயாளிக்கும் அவ்வாறே செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஊகத்தை விட்டு அளவீட்டுக்கு வா என்பதே அதன் பொருள். குடும்பத்தினரிடம் நான் கேட்பதும் அதுவே. "அவருக்குத் தாங்காது" என்பது ஊகம். டிரெட்மில் சோதனையும் எக்கோ பரிசோதனையும் தருபவை அளவுகள். அவற்றைக் கொண்டு எவ்வளவு தாங்கும் என்று சொல்வது மருத்துவரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

ஏற்றமும் மின்கலமும்

ஏற்றத்தில் இதயத்துக்கு எவ்வளவு கூடுதல் வேலை? 70 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ எடையுள்ள மிதிவண்டியில் சமதரையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறத்தாழ 50 வாட் ஆற்றல் போதும். 5 விழுக்காடு ஏற்றத்தில், வேகத்தை 10 கி.மீ.க்குக் குறைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 130 வாட் தேவை. அதாவது, கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் மேடு வேலையை இரண்டரை மடங்காக்குகிறது. ஆகவே தூரத்தைப் பார்த்து அஞ்சுவதைவிட மேட்டைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பதே அறிவுடைமை.

இங்குதான் மின்னுதவி மிதிவண்டி பயன்படுகிறது. இதனை ஏமாற்று வேலை என்று இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய விதிகளின்படி அதன் மோட்டார் 250 வாட்டுக்கு மிகாது; மிதித்தால் மட்டுமே உதவும்; மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும். ஓட்டுபவருக்கு மிதமான உடற்பயிற்சி கிடைக்கவே செய்கிறது. மேடு வரும்போது இதயத்தின் மேல் ஏறும் திடீர்ச் சுமையை மோட்டார் பகிர்ந்துகொள்கிறது, அவ்வளவே. மூக்குக்கண்ணாடி அணிபவரை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்வதில்லையே.

திராட்சை வேறு, மது வேறு

திராட்சை நாட்டைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட இயலாது. "ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். இதயத்தைக் காக்க மது அருந்துங்கள் என்று நான் எவருக்கும் சொல்லமாட்டேன். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகக் கூறியுள்ளது. அப்பள்ளத்தாக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கோப்பையை அன்று, பாதையை.

நம் ஊரில் எவ்வாறு?

நமக்கும் ஒரு திராட்சைப் பள்ளத்தாக்கு உண்டு. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கு கொடிகள் சரிவில் அல்லாமல் சமநிலத்தில் பந்தலில் படர்கின்றன. ஆயினும் அங்கும் சரி, பிற ஊர்களிலும் சரி, மொசெல் போன்ற தனிப்பாதை இல்லை. பேருந்தும் லாரியும் விரையும் நெடுஞ்சாலையில் இதய நோயாளியை ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் நிழலுள்ள பாதைகள் அமைத்துத் தருமாறு உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்பது மக்கள் நலக் கோரிக்கையே. அதுவரை, வண்டி நடமாட்டம் குறைந்த விடியற்காலைத் தெருவும், விளையாட்டுத் திடலும், வீட்டில் நிலையாக நிற்கும் உடற்பயிற்சி மிதிவண்டியும் போதும்.

மருத்துவரின் ஒப்புதல் பெற்றபின் இவற்றைப் பின்பற்றலாம்:

முதல் வாரங்களில் சமதரையில் 10 நிமிடங்கள் போதும். சிறிது சிறிதாக 30 நிமிடங்களுக்கு உயர்த்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 5 நிமிடங்கள் மெதுவாக மிதியுங்கள். ஓட்டும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும்; பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவர்களுக்கு, நாடியை எண்ணுவதைவிட இப்பேச்சுச் சோதனையே நம்பகமானது. பைபாஸ் அறுவை செய்தவர்கள் மார்பெலும்பு நன்கு கூடும்வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள், சாலையில் ஓட்ட வேண்டாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர்கள் தலைக்கவசமின்றி ஏறவே கூடாது. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். வெயிலில் ஓட்டாதீர்கள்.

ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கால் வீக்கத்துடன் மூச்சிரைப்பு கூடிவருபவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் ஆகியோர் முதலில் சிகிச்சை பெற வேண்டும், ஓட்டுவது பிறகு. ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், படபடப்பு தோன்றினால் உடனே நிறுத்துங்கள். வலி தணியாவிடில் 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். "போகாதே" என்று சொல்லும் இடத்தில் "நானும் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வழியைத் தேர்ந்தெடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், களைத்தால் அழைத்துவர ஆள் இருக்கட்டும். மொசெல் கரையில் ஒரு நாடு தன் முதியவர்களுக்குச் செய்து வைத்திருப்பதை, உங்கள் தெருவில் நீங்கள் ஒருவருக்காகச் செய்ய முடியும். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, அவர் எத்தனை நிமிடங்கள் மிதித்தார் என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டுடன் அதையும் சேர்த்துப் படிக்க நாங்கள் ஆவலுடன் காத்திருக்கிறோம்.