புரொஜெக்டர் அலுமாரியின் திறப்பு யாரிடம்?

வன்னிப் பிள்ளைக்கு மேடை புதிதல்ல. தமிழ்மொழித் தினப் போட்டி என்றால் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப்போய்ப் பேசிவிட்டு வரும். வாணி விழாவில் வில்லுப்பாட்டும் பட்டிமன்றமும் அதற்குப் பழக்கம். அதே பிள்ளை பல்கலைக்கழகம் போய், அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ தன் முதல் அளிக்கைக்கு எழுந்தவுடன் குரல் அடங்கிப் போகிறது. கூச்சம் என்று சொல்லிவிட்டு நாங்கள் எழும்பிப் போய்விடுகிறோம். நாங்கள் பழக்கிய முறை எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

பேச்சுப் போட்டிக்கு ரீச்சர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், நடுவர் புள்ளி போடுவார். இடையில் ஒருவரும் கையை உயர்த்துவதில்லை. அளிக்கையிலோ பாதி வேலை கேள்வியில்தான் கிடக்கிறது. “இந்தக் கணக்கை எங்கே எடுத்தாய்? சிறுபோகத்துக்கும் இது பொருந்துமா?” என்று கேட்டால் பாடமாக்கியதில் அதற்கு விடை இராது. விசயம் தெரிந்த பிள்ளை “தெரியவில்லை சேர், பார்த்துச் சொல்கிறேன்” என்று தலை நிமிர்ந்து சொல்லும். அந்த ஒரு வசனத்தைச் சொல்லவே எங்கள் வகுப்பறைகள் பழக்கவில்லை. தெரியாது என்றால் அடி விழுந்த தலைமுறைதானே இன்று படிப்பிக்கிறது.

புரொஜெக்டர் வந்தும் குறை தீரவில்லை. மாணவரின் சிலைட்டுகளைப் பாருங்கள்: பாடப்புத்தகப் பக்கத்தை அப்படியே ஏற்றி, சுவரைப் பார்த்து வாசிப்பார்கள். சிலைட்டுக்கு ஒரு கருத்து, கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெரியும் எழுத்து, ஒரு வரைபடம் போதும். மிச்சம் வாயால் வரவேண்டியது. இன்னொரு தொல்லை எங்களுக்கே உரியது. வீட்டில் பாமினியில் தட்டிய கோப்பை மண்டபத்துக் கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், தமிழ் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாய் நிற்கும். ஒரு மாத உழைப்பு அந்த இடத்திலேயே போய்விடும். யூனிகோட்டில் தட்டுவது, பிடிஎஃப் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் வைப்பது, கரண்ட் போனாலும் பேசத் தாளில் நாலு வரிக் குறிப்பு எடுத்துப் போவது: இதைப் பழக்க ஒரு பாடவேளை காணும். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டைப் பார்த்த நாட்டில் கடைசி அறிவுரை மிகையில்லை.

இணையவழி வேறு கதை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பல்கலைக்கழக மாணவருக்கு, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக டேற்றாச் செலவில்லாமல் சூம் கிடைத்தது. பாடசாலைப் பிள்ளையின் வாட்ஸ்அப் வகுப்புக்கு அப்பா ரீலோட் போட்டார்; ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டார்கள். கவரேஜ் மெலிந்த ஊரிலிருந்து பேசும் பிள்ளையிடம் கமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தக்கூடாது. படம் போனாலும் போகட்டும், குரல் தெளிவாக வரவேண்டும். சிலைட்டுகளை முதல்நாளே குழுவில் அனுப்பிவிட்டால், இணைப்பு அறுந்தாலும் கேட்பவருக்குக் கையில் ஏதாவது இருக்கும். எதிரே முகம் தெரியாததால் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் நிறுத்தி “விளங்குதா?” என்று கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கேட்பவர்களின் கடமை. மௌனமாய் இருந்துவிட்டுப் பிறகு குறை சொல்வது நியாயமில்லை.

கேட்பவர் பொறுப்பைப் பற்றி நாங்கள் பேசுவதேயில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் தடக்கினால் பின்வாங்கில் சிரிப்பு எழும். தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அளிக்கை செய்யும் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு பல வருசத்துக்குப் போதும். முதல் ஒத்திகையைத் தமிழில் செய்ய விட்டு, விசயம் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்குப் போகச் சொல்லும் விரிவுரையாளர்தான் எங்களுக்கு வேண்டியவர்.

பிள்ளைகளைப் பழக்கத் துணை தேடித் தூரம் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 2014 முதல் கிளிநொச்சியில் இருக்கிறது; விவசாயபீடமும் அங்கேதான். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தவணைக்கு ஒரு சனிக்கிழமை இவற்றின் மூன்றாம் வருட மாணவர் நாலுபேர் துணுக்காய்க்கோ ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ போய், உயர்தரப் பிள்ளைகளின் செயற்திட்டங்களைக் கேட்டுக் கேள்வி கேட்கட்டும். வலயக் கல்விப் பணிமனை அந்த நாளை ஒழுங்கு செய்யட்டும். பஸ் செலவைப் பழைய மாணவர் சங்கம் பார்க்கலாம். வெளிநாட்டுக் கிளைகள் நுழைவாயில் வளைவுக்குச் சேர்க்கும் காசில் இது சிறு துளி. பொதுநோக்கு மண்டபத்தில் பெற்றோரும் கமக்காரரும் வந்து இருக்கட்டும். நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தியைப் பற்றிப் பிள்ளை சொல்வது சரியா பிழையா என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

இதற்கெல்லாம் முன் அதிபர்மாருக்கு ஒரு சின்ன வேலை. அன்பளிப்பாய் வந்த புரொஜெக்டரைப் பழுதாகிவிடும் என்று பயந்து அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் பாடசாலைகள் உண்டு. அதன் திறப்பை உயர்தர மாணவர் தலைவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். பழுதானால் திருத்தும் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கும் என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டால் அதிபரின் பயமும் தீரும்.