கப்பல் வந்த வருஷமும் பிரஜாவுரிமை போன வருஷமும்



1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல் கரீபியன் தீவுகளின் தொழிலாளர்களை இங்கிலாந்தில் இறக்கியது. யுத்தத்துக்குப் பின் அங்கே ஆள் பஞ்சம். 1956இல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸ் தீவுக்கே போய், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் எடுத்தது. பயணச் செலவு கடனாகக் கிடைத்தது. வேலைக்குப் போனபின் சம்பளத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும்.

கேட்கும்போதே கங்காணியும் துண்டும் ஞாபகம் வருகிறதல்லவா? நம் பாட்டன்மார் தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கடன்காரர் ஆனார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

அதே 1948இன் நவம்பரில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. தகப்பன் இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா? காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவரிடம் ஏது பத்திரம்? சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனோம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மீதிக் கணக்கு 2003 சட்டம் வரை இழுத்தது.

கரீபியன் மக்களுக்கோ அன்று பிரித்தானியப் பிரஜாவுரிமை இருந்தது. ஆனாலும் தப்பவில்லை. பல வருஷம் உழைத்து வயசாளியான பின், நீ இந்த நாட்டவன் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். அவர்கள் வந்திறங்கிய பதிவு அட்டைகளை 2010இல் உள்துறை அமைச்சே அழித்திருந்தது. வேலை போனது, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

தோழர்களே, சிந்திய வேர்வை கந்தோரில் சாட்சி சொல்லாது. நமது கந்தளாயிலும் சீனி ஆலை மூடிய பிறகு, கரும்பு வெட்டிய எத்தனை வீடுகளில் சம்பளச் சீட்டு பத்திரமாக இருக்கிறது? வகுப்பில் பெயர் பதியும்போது பார்க்கிறேன்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. இன்று சின்ன எழுத்துப் பிழை; நாளை சேமலாப நிதி எடுக்கப் போகும்போது அதுவே பெரிய சுவர்.

ஆகவே அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்குப் பிறப்பு, விவாகப் பத்திரங்கள், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பிழை திருத்தும் விண்ணப்பத்தைச் சங்கமே எழுதித் தரும். வெளிநாட்டு வேலைக்குப் பெயர் கொடுத்த தம்பி தங்கைகளே, கையெழுத்து வைக்கும் முன் ஒப்பந்தத்தை எங்களிடம் காட்டுங்கள். கடன் எவ்வளவு, எப்படிக் கழிப்பார்கள் என்று சேர்ந்தே வாசிப்போம்.

நம் பாட்டனிடம் காட்டப் பத்திரம் இல்லை. நம் பிள்ளையிடம் இருக்க வேண்டும்.