நூலுக்கேற்ற ஊசி

கையால் செய்யும் தொழில்களுள் கம்பளிப் பின்னல் மிக எளிய கருவிகளைக் கொண்டது. அதற்குத் தறி வேண்டுவதில்லை; சக்கரம் வேண்டுவதில்லை. இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலும் இருந்தால் போதும். கண்ணிக்குள் கண்ணியாக நூலைக் கோத்து இழுத்து, கடுங்குளிரையும் தாங்கும் ஆடையை ஒருவர் தம் மடியிலேயே ஆக்கிவிடலாம். கருவி இவ்வளவு எளியதாக இருப்பதனாலேயே, அதைப்பற்றி எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை என்று பலர் கருதிவிடுகின்றனர். கைக்கு எட்டிய ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்குகின்றனர். முடிந்த ஆடை தளர்ந்து தொங்கினால் நூலைப் பழிக்கின்றனர். அட்டைபோல் விறைத்து நின்றால் தமக்குக் கைத்திறன் இல்லை என்று சோர்ந்துவிடுகின்றனர். பெரும்பாலும் பிழை நூலிலும் இல்லை, கையிலும் இல்லை. ஊசியைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே இருக்கின்றது.

ஊசிக்கும் ஆடைக்கும் உள்ள தொடர்பு யாது? பின்னும்போது ஒவ்வொரு கண்ணியும் ஊசியின் தண்டைச் சுற்றியே உருவாகின்றது. ஊசி பருத்திருந்தால் கண்ணி அகன்று அமையும். துணி நெகிழ்ந்து குழைவாக இருக்கும். ஊசி மெலிந்திருந்தால் கண்ணிகள் நெருங்கும், துணி செறிவாகும். ஆதலால், பருத்த நூலுக்குப் பருத்த ஊசியும் மெல்லிய நூலுக்கு மெல்லிய ஊசியும் கொள்க என்று தொடக்கத்தில் கற்பிப்பார்கள். அது நல்ல விதிதான்; ஆயினும் பாதி உண்மையே. மற்றப் பாதியை அறிய விரும்புவோர், பின்னலையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த மக்களின் கைவேலையைக் காண வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலுக்கு நடுவில் ஷெட்லாந்துத் தீவுகள் உள்ளன. அங்கே மரங்கள் அரியவை, காற்றோ ஓய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவுகளில் வாழ்ந்த பெண்கள், அடுப்பெரிக்கும் கரிமண்ணைக் கூடையில் இட்டு முதுகில் சுமந்து செல்லும்போதும் பின்னிக்கொண்டே நடந்தனர். இடுப்பிலே குதிரைமயிர் அடைத்த தோல் கச்சை ஒன்றைக் கட்டியிருப்பர். அதில் பல துளைகள் இருக்கும். ஊசியின் ஒரு முனையை அத்துளைகளுள் ஒன்றில் செருகிக்கொண்டால், நடையிலும் கை தடுமாறாது.

அத்தீவின் ஆடுகளுடைய கழுத்துப் பகுதியில் உள்ள மயிர் மிகவும் மென்மையானது. அதைக் கத்தரிக்காமல் கையாலேயே பறித்தெடுத்து, சிலந்தி நூல் போன்ற நூலாக நூற்றுச் சால்வை பின்னினர். ஆறடிச் சதுரமான சால்வையை ஒரு மோதிரத்தின் வழியே இழுத்துவிடலாம் என்றால், அதன் மென்மையை என்னென்பது! இத்தகைய சால்வைக்கு ஏற்ற ஊசி எது? நூல் மெல்லியது என்பதற்காக அதனினும் மெல்லிய ஊசியை எடுத்தால், இடைவெளிகளெல்லாம் மூடிக்கொள்ளும், பூவேலை புலப்படாது. ஆகவே, நூலின் பருமனை நோக்கச் சற்றுப் பெரிய ஊசியையே சால்வைக்குக் கொள்வர். கண்ணிகள் விரிந்து, இலையும் அலையுமாகிய கோலங்கள் ஒளி ஊடுருவத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான வழக்கம் பிரிட்டனின் மீனவர் ஊர்களில் இருந்தது. அங்கே கடலுக்குச் செல்லும் ஆடவர்க்குப் பெண்கள் கம்பளி மேற்சட்டை பின்னினர். அதற்குரிய நூல் ஐந்து இழைகளை இறுக முறுக்கியது. சால்வை நூலைவிட அது பன்மடங்கு பருத்தது. ஆயினும், அதற்கு அவர்கள் மெல்லிய எஃகு ஊசிகளையே கையாண்டனர். கண்ணிகளை நெருக்கமாக இறுக்கிப் பின்னினால்தான் கடற்காற்றும் நீர்த்திவலையும் எளிதில் உள்ளே புகமாட்டா. வேலை கடினமானது, விரல் நோகும். ஆனால், படகில் நின்று வலை இழுப்பவனுக்கு அச்செறிவே காப்பு.

மெல்லிய நூலுக்குப் பெரிய ஊசி; பருத்த நூலுக்குச் சிறிய ஊசி! தொடக்க விதி இங்கே தலைகீழாகிவிட்டதே என்று வியக்க வேண்டியதில்லை. ஊசியைத் தேர்வதில் நூல் ஒரு பங்கே பேசுகின்றது. பயன் மற்றொரு பங்கு பேசுகின்றது. இவ்வாடை எதற்கு, இதை அணிபவர் யார், அவர் எங்கே நிற்பவர் என்று கேட்ட பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

இக்கேள்வியைப் புறக்கணித்தால் வரும் தீங்கு சிறிதன்று. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பெண்களும் பள்ளிச் சிறுவர் சிறுமியரும் போர்வீரர்க்காகக் காலுறை பின்னி அனுப்பினர். பதுங்கு குழிகளில் சேறும் நீரும் நிறைந்திருந்தன. நனைந்த காலுடன் நெடுநேரம் நின்ற வீரர் பலர், பாதம் மரத்துப் புண்ணாகும் நோய்க்கு ஆளாயினர். அந்நிலையில் உலர்ந்த காலுறை மருந்துக்கு நிகரானது. ஆனால், தளரப் பின்னிய காலுறை பூட்சுக்குள் மடிந்து கொப்புளத்தை உண்டாக்கும். அளவுக்கு மீறி இறுகியது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அன்பினால் பின்னியது என்பதனால் மட்டும் ஒரு காலுறை நன்மை செய்துவிடுமா? அன்போடு அளவும் சேர்ந்தபோதுதான் அது வீரனின் காலைக் காத்தது.

பருமன் மட்டும் அறிந்தால் போதாது. ஊசி எதனால் ஆனது என்பதும் அறிய வேண்டுவதே. எஃகு, அலுமினிய ஊசிகளில் நூல் வழுக்கிக்கொண்டு விரைந்து ஓடும். சொரசொரப்பான கம்பளிக்கு அவை நன்று. பட்டுப்போல் தானே வழுக்கும் நூலை அவற்றில் ஏற்றினால், புதிதாகக் கற்பவர் கையிலிருந்து கண்ணிகள் நழுவிவிடும். அதற்கு மூங்கில் ஊசியோ மர ஊசியோ தக்கது; அது நூலைச் சற்றுப் பற்றி நிறுத்தும். காலுறை, தொப்பி போன்ற குழல் வடிவான பொருள்களை இருமுனையும் கூரிய நான்கைந்து குட்டை ஊசிகளில் சுற்றிச் சுற்றிப் பின்னுவர். பெரிய போர்வைக்கோ, இரு முனைகளை வளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசி ஏற்றது. போர்வையின் பாரம் மணிக்கட்டில் தங்காமல் மடியில் தங்கும்.

இவ்வளவும் தெரிந்து கடைக்குச் செல்பவரை மற்றொரு சிக்கல் எதிர்கொள்கின்றது. அஃது ஊசியின் எண். பிரிட்டனின் பழைய முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 14ஆம் எண் ஊசி 2 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ எண் ஏற ஏற ஊசி பருக்கும். அங்கே 8ஆம் எண் என்பது 5 மில்லிமீட்டர். ஆகவே, எண்ணை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவர். மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

‘நூலின் உறைமேல் ஊசியின் அளவு அச்சிடப்பட்டிருக்கின்றதே, அதைப் பின்பற்றினால் போதாதா?’ என்று சிலர் வினவலாம். உறையில் உள்ள அளவு பொதுவான வழிகாட்டியே. பின்னுவோரின் கை அதற்குத் தெரியாது. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். ஒருவர் தளர விடுவார். ஒரே நூலையும் ஒரே ஊசியையும் கொண்டு இருவர் பின்னிய துண்டுகள் அளவில் வேறுபடும். ஆதலால், ஆடையைத் தொடங்குமுன் சிறிய மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து உலர்த்தி, அளந்து பார்க்க வேண்டும்.

அவ்வாறு பார்ப்பது காலத்தையும் நூலையும் வீணாக்கும் செயல் என்பது பலருடைய எண்ணம். கணக்கு வேறு சொல்கின்றது. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் அமைய வேண்டும் என்று கொள்வோம். 220 கண்ணிகள் கொண்ட மேற்சட்டையின் சுற்றளவு 100 சென்டிமீட்டர் ஆகும். பின்னுபவரின் கை சற்றே தளர்ந்து 20 கண்ணிகளே அமைந்தால், அதே 220 கண்ணிகள் 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். உள்ளங்கை அளவான மாதிரியில் கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு, முழு ஆடையில் நான்கு அங்குலமாக வளர்ந்து நிற்கின்றது. பல வாரங்கள் பின்னியதை முழுவதும் பிரிக்க நேர்வதைவிட, ஒரு மாலைப்பொழுதை மாதிரிக்குக் கொடுப்பது எவ்வளவோ மேலன்றோ? ஆழம் அறிந்து காலை விடு என்னும் பழமொழி ஆற்றுக்கு மட்டும் உரியதன்று. மாதிரி பெரிதாக இருந்தால் ஓர் அளவு சிறிய ஊசியையும், சிறிதாக இருந்தால் ஓர் அளவு பெரிய ஊசியையும் எடுத்து மீண்டும் முயல வேண்டும். திருத்தம் அவ்வளவு எளியது. ஆனால், அது தொடக்கத்தில் மட்டுமே எளியது.

இத்தகைய நுண்ணறிவை உலகம் நெடுங்காலம் அறிவாகவே மதிக்கவில்லை. ஷெட்லாந்துப் பெண்களின் பின்னலுக்கு வணிகர்கள் பெரும்பாலும் பணம் தராமல், தேயிலையும் துணியும் முதலிய பண்டங்களையே கொடுத்துவந்தனர். அவ்வழக்கத்தை ஆராய அமைந்த அரசாங்க விசாரணையில், 1872ஆம் ஆண்டு, பின்னும் பெண்கள் பலர் நேரில் வந்து சான்று கூறினர். நூலின் இயல்பையும் ஊசியின் அளவையும் பயனின் தேவையையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் ஆற்றல், ஏட்டில் எழுதப்படாமல் அவர்களுடைய விரல்நுனியில் இருந்தது. ஏட்டில் இல்லாத காரணத்தால் அதை அறிவன்று என்று தள்ளுவது பேதைமை.

சிறந்த ஊசி எது என்று கேட்பவர்க்கு விடை கிடைக்காது. இந்நூலுக்கு, இவ்வாடைக்கு, இக்கைக்கு ஏற்ற ஊசி எது என்று கேட்பவர்க்கே விடை கிடைக்கும். சால்வைக்கு உயிர் தந்த ஊசி மீனவன் சட்டைக்குப் பயன்படாது. மீனவனைக் காத்த ஊசி சால்வையின் அழகை மூடிவிடும். இரண்டும் நல்ல ஊசிகளே. அவற்றின் நன்மை பொருத்தத்தில் இருக்கின்றது. பொருளை அறிந்து, பயனை எண்ணி, தன் கையையும் சோதித்துப் பார்த்துக் கருவியை எடுப்பவரின் உழைப்பு வீணாவதில்லை.