கழட்டிப் பாக்கப் பயப்படாதேங்கோ

போன கார்த்திகை மழைக்குள் எங்கட காரின் சாரதிப் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மேலயும் போகாது, கீழயும் வராது. அப்பா ஒரு கிழமை பொலித்தீன் ஒட்டிக்கொண்டுதான் ஓடினார். கராஜில் காட்டினால், "மோட்டர் போட்டுது, முழு செட்டா மாத்தவேணும்" என்று 45,000 ரூபா கேட்டார்கள்.

"மோட்டரை மட்டும் மாத்தேலாதோ?" என்று கேட்டேன்.

"அது பிள்ளைக்கு விளங்காது." பதில் வந்தது, அதுவும் அப்பாவைப் பார்த்து.

கோவம் வந்ததுதான். ஆனால் கோவத்துக்குக் கண்ணாடி ஏறாதே. ரெண்டு நாள் யூடியூப் பார்த்தேன், பக்கத்து வீட்டு அண்ணையிடம் மல்டிமீற்றர் வாங்கினேன். முதலில் பியூஸ், பிறகு சுவிட்ச். ரெண்டும் நல்லாயிருந்தது. சுவிட்சை அமத்தினால் மோட்டரின் வயருக்கு 12 வோல்ட் வருது, மோட்டர் அசையேல்லை. அப்ப பழுது மோட்டரில்தான்.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். கைபிடிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்குறூ, சுற்றிவர பிளாஸ்ரிக் கிளிப், அதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பொலித்தீன். அதைக் கிழிக்கக் கூடாது. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணி காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். கண்ணாடியைப் பலமான ரேப்பால் ஒட்டிவிட வேணும். கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருப்பதே மோட்டரின் பல்லுச்சில்லுத்தான். கழட்டியவுடன் கண்ணாடி விழுந்தால் விரல் போய்விடும்.

கடைசியில் பார்த்தால், அந்த மோட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது மூன்றே மூன்று போல்ட்.

கொழும்பில் இருக்கும் மச்சான் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய மோட்டர் எடுத்து அனுப்பினான். வந்தது இடப்பக்கத்து மோட்டர்! நான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, பிழை என்னுடையது. மாற்றி எடுத்ததோடு மொத்தச் செலவு 8,500 ரூபா. பூட்டி முடித்து, கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க 'ஓட்டோ'வும் வேலை செய்தது.

காசு மிச்சமானது சந்தோஷம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

முழு செட் மாற்றினால் கராஜுக்கு நேரம் மிச்சம், திரும்ப வந்து ஆரும் சண்டை பிடிக்கவும் மாட்டார்கள். அந்த நியாயம் எனக்கு விளங்குது. ஆனால் எந்தப் பகுதி பழுது, என்னென்ன வழி இருக்கு என்று காசு கொடுக்கிற ஆளுக்குச் சொல்லவேணும். தெரிவு செய்வது எங்கட உரிமை. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் இதுக்காகவே வாக்குப் போட்டார்கள்: கம்பனி தன் முகவருக்குக் கொடுக்கும் பழுதுபார்க்கும் தகவலை வாகனச் சொந்தக்காரருக்கும் சின்ன கராஜ்களுக்கும் கொடுக்கவேணும் என்று. இங்கே நாங்கள் அதை இன்னும் சத்தமாகக் கேட்கவில்லை.

கேட்க எங்களுக்குத்தான் கூடக் காரணம் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும் என்ன, விலையைக் கேட்டால் தலை சுத்துது. இருக்கிற பழசைத்தான் இன்னும் பல வருஷம் ஓட்டப்போறம்.

இது எங்களுக்குப் புதுசுமில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார், மோட்டர் சைக்கிள் எல்லாம் ஓட்டினார்கள். அவர்கள் விரும்பிப் படித்த வித்தை இல்லை அது, வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கைப்பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல், "கையில கிறீஸ் படாமல் படி" என்று எங்களை வளர்த்தார்கள். பெண்பிள்ளைகளை ஸ்பானர் கிட்டவும் விடவில்லை.

எல்லாத்தையும் நாங்களே செய்யவேணும் என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஸ்ரியறிங், எயார்பாக் எல்லாம் தெரிந்தவரிடம்தான் போகவேணும். நல்ல மெக்கானிக்கின் அனுபவத்தை ரெண்டு வீடியோ தராது. ஆனால் ஒருக்கா கழட்டிப் பார்த்த ஆளுக்குத்தான் அவரிடம் என்ன கேட்கவேணும் என்று தெரியும்.

அடுத்த முறை ஆராவது "முழு செட்" என்று சொன்னால், "எந்தச் சாமான் பழுது? ஒருக்கா காட்டுங்கோ" என்று கேளுங்கோ. பதில் அப்பாவைப் பார்த்து வந்தால், திரும்பவும் நீங்களே கேளுங்கோ.