மூன்று தீபாவளிகள்

பாடகரும் திரைப்பட நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்வைப் பற்றி எழுதுவோர் பலரும், 1944-ஆம் ஆண்டின் கைதையே அவருடைய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவிலான எல்லையாகக் கொண்டு, சிறைதான் அவரை வீழ்த்தியது என்று முடிவுகட்டிவிடுகின்றனர். ஆனால் நிகழ்வுகளைக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தால் அம்முடிவு நிலைப்பதில்லை.

அவர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வெளியான அடுத்த மாதமே இதழாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பிய பிறகு, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஆகவே, இரண்டாம், மூன்றாம் தீபாவளிகளில் பிராட்வேக்குச் சென்றவர்கள், பிடரி வரை தொங்கும் 'பாகவதர் கிராப்' முடியோடு திரையில் பாடியவர் அந்நேரம் கைதியாக இருக்கிறார் என்பதை அறிந்தே சீட்டு வாங்கினர். கொலைப்பழி ஏறிய பிறகும் ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மாறியது படத்தின் இலக்கணம். நாடக மேடையிலிருந்து வந்த தொடக்ககாலப் பேசும்படங்களில் பாட்டே கதையை நடத்திச் சென்றது; 1934-இல் 'பவளக்கொடி' வழியாகத் திரைக்கு வந்த பாகவதரின் குரல், மேல்சுருதியில் கணீரென்று ஒலிக்கும் அந்த மேடைக் குரலே. அவர் வெளியே வந்தபோது வசனம் பாட்டின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் நடித்த 'ராஜமுக்தி' 1948-இல் தோற்றது. அவருடைய 'அமரகவி' வந்த 1952-இலேயே வெளியான 'பராசக்தி'யின் வசனத்தைத் தமிழகம் மனப்பாடம் செய்தது.

அதே தீர்ப்பால் விடுதலை பெற்ற கிருஷ்ணன், 1949-இல் அண்ணாதுரையின் எழுத்தில் 'நல்லதம்பி'யில் நாயகனாக நடித்து, 1951-இல் 'மணமகள்' படத்தை இயக்கவும் செய்தார். இதை வைத்து ஒருவர் நெஞ்சுரம் மிக்கவர், மற்றவர் சோர்ந்தவர் என்று எடைபோடுவது பெரும் அநீதியாகும். ஏனெனில் பேச்சையும் பகுத்தறிவுக் கருத்தையும் கருவியாகக் கொண்ட நகைச்சுவைக் கலைஞருக்கு வசன யுகம் கைகொடுத்தது, ஆயுள் முழுதும் ஒரே பாணியில் பழகிய குரலுக்கோ அது இடம் தரவில்லை. படங்கள் தோற்ற ஆண்டுகளிலும் பாகவதர் கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும் பாடிக்கொண்டேதான் இருந்தார். பட வசூலை மட்டும் அளவுகோலாக்கி அவ்வாண்டுகளைத் தோல்வி என்று குறிப்பதை இனியேனும் எழுதுவோர் கைவிட வேண்டும்.

பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று, 49-ஆம் வயதில் காலமானார். அவருடைய கடைசிப் படமான 'சிவகாமி' அடுத்த ஆண்டு வெளிவந்தது.