அந்த அக்காவுக்குப் பாராட்டு வேண்டாம், பணியிடம் வேண்டும்

ஆசிரியர் தினம் வந்தால் ஒரு வகைக் கட்டுரை நிச்சயம் வரும். கல்லூரி ஆபீஸில் இருந்த ஒரு கிளார்க், ஒரு லேப் அசிஸ்டென்ட், ஒரு வார்டன். அவர் மட்டும் இல்லையென்றால் நான் படிப்பைப் பாதியில் விட்டிருப்பேன் என்று யாராவது எழுதுவார்கள். நாமும் கண் கலங்கிப் பகிர்வோம். எனக்கு இந்தக் கட்டுரைகள்மேல் கடுப்பு உண்டு. அவை பொய் என்பதால் இல்லை. அத்தனையும் உண்மை என்பதால்தான். ஒரு பையன் டிகிரி முடிப்பது ஒரு கிளார்க்கின் நல்ல மனசைப் பொறுத்து இருந்திருக்கிறது. அதைப் படித்தால் கோபம் வர வேண்டும். நமக்குக் கண்ணீர் வருகிறது.

பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவருவதில் தமிழ்நாடு கெட்டி. 2007-இல் பொறியியல் நுழைவுத்தேர்வு போனது. 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. 2022-இல் புதுமைப் பெண் திட்டம், மாதம் 1000 ரூபாய். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. இதைச் சாதாரணம் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒன்று, வாசலைத் திறந்துவிடுகிறது. இல்லையென்றால் பணம் கொடுக்கிறது. உள்ளே போன பிள்ளைக்கு வழி சொல்லும் ஆள் இந்தப் பட்டியலில் எங்கே?

முதல் பட்டதாரி சான்றிதழின் பெயரே வேடிக்கைதான். பிளஸ் டூ முடித்த பையன், குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்று அப்பாவோடு சேர்ந்து உறுதிமொழி கொடுத்து, துணை வட்டாட்சியரிடம் வாங்குவது அது. கல்லூரியில் ஒரு பரீட்சைகூட எழுதாதவனைப் பட்டதாரி என்கிறது. அவன் நிஜமாகவே பட்டதாரி ஆக இன்னும் எட்டு செமஸ்டர் இருக்கிறது.

அந்த எட்டு செமஸ்டரில் பாடம்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். பலரைக் கவிழ்ப்பது விதிகள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை விலக்கு உண்டு. அதற்கும் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மறுமதிப்பீடு கேட்பதற்கு முன்னால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் கெடு இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் மேத்ஸில் அரியர் விழுந்தால் அது ஒரு விஷயமே இல்லை, அப்புறம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதை யாராவது சொல்ல வேண்டும். வீட்டில் அரியர் என்றால் புரியாது, ஃபெயில் என்றுதான் சொல்ல முடியும். ஃபெயில் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: படிப்பு அவ்வளவுதான், வேலைக்குக் கிளம்பு.

படித்த குடும்பத்தில் இதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு கிடைத்துவிடும். "நானும் மேத்ஸ்ல கப்பு வாங்கினவன்தான்டா, விடு" என்பார் மாமா. "ஹெச்ஓடிய நேர்ல போய்ப் பாரு, லெட்டர் எழுதிட்டுப் போ" என்பாள் அக்கா. இதை யாரும் ஸ்பூன் ஃபீடிங் என்று சொல்வதில்லை. அதே தகவலை வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்குக் கல்லூரி சொல்ல வேண்டும் என்றால் மட்டும், "காலேஜுக்கு வந்த அப்புறமும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்கிறார்கள்.

அந்த மாமாவின் வேலையைக் கல்லூரியில் யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கிறார். நான் படித்த இடத்தில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் ஓர் அக்கா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மேஜைக்கு முன்னால்தான் கூட்டம். லெட்டர் எழுதத் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பார், மூன்று நாள் வராதவன் வீட்டுக்கு போன் போடுவார். அவருக்குச் சம்பளம் ஃபைல் நகர்த்துவதற்கு. பிறகு அவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் நல்லவர்தான், தன் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் கூட்டம் காணாமல் போனது. நிர்வாகத்துக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் அதை எப்போதும் எண்ணியதே இல்லை.

சாஃப்ட்வேரில் பஸ் ஃபேக்டர் என்று சொல்வோம். எத்தனை பேர்மேல் பஸ் ஏறினால் புராஜெக்ட் நின்றுபோகும் என்ற கணக்கு. விடை ஒன்று என்றால் அந்த ஒருவருக்கு மாலை போட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். இன்னொரு ஆளைப் போடுவோம், அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்குவோம்.

மென்டார் இருக்கிறாரே என்பார்கள். நாக் குழு மென்டார் விகிதம் கேட்கிறது, அதனால் விகிதம் இருக்கிறது. ஆனால் மென்டார் யார்? பெரும்பாலும் இன்டர்னல் மார்க் போடும் அதே ஆசிரியர். "ராத்திரி ஷிப்ட் போறேன் சார், அதான் காலைல கிளாஸுக்கு வர முடியல" என்று அவரிடம் எந்தப் பையன் சொல்வான்? மார்க் போடும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம்தான் அதைச் சொல்ல முடியும். பிள்ளைகள் ஆபீஸ் அக்காவைத் தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சம்பளம் போட்டு வைத்தால் அன்பு போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். நர்சுக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அதனால் அக்கறை செத்துவிட்டதா? அமெரிக்காவில் வறுமையில் வளர்ந்த, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்காக ஸ்டூடண்ட் சப்போர்ட் சர்வீசஸ் என்று ஒரு திட்டத்தைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதில் இது ஒரு வேலை. பதவிப் பெயர் உண்டு, நிதி உண்டு. கல்வியைக் காசுக்கு விற்கும் நாட்டிலேயே அது முடிகிறது. சமூகநீதி பேசும் நாம் இன்னும் நல்ல மனசை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கேட்பது பெரிதில்லை. அரசுப் பணத்தில் முதல் தலைமுறை மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் முழுநேரமாக ஒருவர். மார்க் போடாதவர், விதி தெரிந்தவர், வீட்டுக்கு போன் போட்டு அப்பாவிடம் அவர் பேச்சிலேயே பேசக்கூடியவர். கூடவே ஒரு கணக்கு: எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதும்.

முதல் பட்டதாரி முடித்துவிட்டால் தம்பி தங்கைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அவனே மாமா வேலையைப் பார்ப்பான். பாதியில் திரும்பி வந்தால், "படிக்கப் போனவன் என்னத்தக் கிழிச்சான்?" என்று கேட்டே அடுத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.